பண்ணைக்காட்டில் நான் ஜூரி பொறுக்கிய கதை

அமெரிக்காவில் ஒரு தொழில் இருக்கிறதாம். ஜூரியாக உட்காரப் போகிறவர்களில் யார் இளகுவார், யார் முறைத்துக்கொள்வார் என்று துப்புத் துலக்கி, 'இவரை வைத்துக்கொள்ளுங்கள், அவரைத் தள்ளிவிடுங்கள்' என்று வக்கீலுக்குச் சொல்லிக்கொடுப்பதே முழுநேர வேலையாம். இதற்கென்று படித்துப் பட்டம் வாங்கியவர்களே உண்டாம். எண்பதுகளில் ஒரு வாரப் பத்திரிகையில் இதைப் படித்தபோது நான் சலூனில் முறைக்காகக் காத்திருந்தேன். படித்து முடித்ததும் பக்கத்தில் இருந்தவரிடம், "இந்தச் சோலிய நான் எப்பவோ பாத்தாச்சுங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

ஆனால் அது உண்மை. எழுபதுகளின் கடைசியில், பண்ணைக்காட்டில், ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை என்பது வேறு விஷயம்.

அப்போது நான் பழனியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வாரம் முழுக்கக் கேஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு அவர் பின்னால் கோர்ட்டுக்கு நடப்பேன். சனிக்கிழமை சாயந்திரம் பஸ் ஏறி மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்துவிடுவேன். பழனியில் நான் வெறும் கட்டுத் தூக்கி. பண்ணைக்காட்டு டீக்கடையிலோ, ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும், முக்கால் வக்கீல். வக்கீல் வாரமெல்லாம் பேசியதை மனசில் ஏற்றி வந்து அங்கே இறக்கி வைப்பேன். சில சமயம் வழியில் கொஞ்சம் சிந்தியும் போகும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேட்பார் யாரும் இல்லாமலே ஆரம்பித்தேன். "அடுத்தவன் நெலத்துல ஒருத்தன் இருவது வருசம் விடாம நடந்தான்னு வைங்க. அந்தத் தடம் அவனுக்குப் பாத்தியதை ஆயிரும். பொறகு எந்தக் கொம்பன் வந்தாலும் மறிக்க முடியாது."

பொதுவாகத்தான் சொன்னேன். ஆனால் பெஞ்சின் கோடியில் காப்பித் தோட்ட முதலாளி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய தோட்டத்துக்குள் ஒரு ஒற்றையடித் தடம் போகும். தோட்டத்துக்கு மேலே முக்கால் ஏக்கரில் மலைவாழை போட்டிருந்த ஒருவர், அந்தத் தடம் வழியாகத்தான் தார்களைத் தலையில் வைத்து ரோட்டுக்குக் கொண்டு வருவார். முதலாளி பாதி டீயைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த சனிக்கிழமை நான் வந்தபோது தடத்தின் இரண்டு முனையிலும் முள்கம்பி கட்டியிருந்தது.

வாழைக்காரர் சிலோனில் இருந்து வந்தவர். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, இரண்டு சர்க்கார்களும் பேசிக்கொண்டதில் கப்பலேறி வந்தவர். முதலில் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், லயம் என்கிற வரிசை வீடுகளில், கூலியாக இருந்தார். பிறகு, கொண்டு வந்ததையும் சேர்த்ததையும் போட்டு அந்த முக்கால் ஏக்கரை வாங்கினார். மேலே வந்து எட்டு வருஷம்கூட ஆகவில்லை. என் சட்டப்படியே பார்த்தாலும் முதலாளி பயப்பட இன்னும் பன்னிரண்டு வருஷம் பாக்கி இருந்தது. ஆனால் பயத்துக்குக் கணக்குத் தெரியுமா?

அவரும் அவர் சம்சாரமும் நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். நான் அப்போதுதான் குளித்துவிட்டுத் துண்டோடு நின்றேன்.

"தம்பி, நீங்கதான் டீக்கடையில சட்டம் பேசினதுன்னு சொல்றாங்க" என்றார்.

"அது வந்துங்க, பொதுவாச் சொன்னது..."

"பொதுவாச் சொன்னதுக்கே கம்பி கட்டிட்டாங்க. இனி எங்களுக்குன்னு எதாவது சொல்லிவிடுங்க."

அந்தம்மா அவரைப்போலச் சுற்றி வளைக்கவில்லை. "தாரு ஏத்துற ஜீப்பு மேல வராது, கீழ ரோட்டுல நிக்கிறதே செவ்வாயும் வெள்ளியும்தான். தடம் வழியா வந்தா ஒரு எறக்கம். ரோட்டச் சுத்தி வந்தா சரியான தூரம், ஒரு தாரு கொண்டாந்து போட்டுட்டு அடுத்த தாருக்குப் போறதுக்குள்ள ஜீப்பு போயிருது. இந்தச் செவ்வா, வெள்ளி ரெண்டு நாத் தாரும் வீட்டுலயே பழுத்துக் கெடக்கு. இப்பிடியே போனா நெலத்த வித்துட்டு மறுபடி லயத்துக்குத்தான் போகணும். வெளங்குதுங்களா?"

விளங்கியது. துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "பஞ்சாயத்து வச்சிருவோம்" என்றேன். கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கட்டுகளைச் சுமப்பதே நான்தானே.

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஒரு முறை உண்டு. வழக்கமாக நியாயம் பேசுகிறவர்கள் ஒன்பது பேர். இரண்டு தரப்பும் ஆளுக்கு இரண்டு பேரை வேண்டாம் என்று தள்ளலாம். மிச்சமுள்ள ஐந்து பேர் உட்கார்ந்து முடிவு சொல்வார்கள். தள்ளுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் கூடாது. 'அவுக பெரியவுக, அவுக முன்னாடி நான் வாயத் தொறக்கிறது மொறையில்ல' என்று உச்சியில் வைத்துக் கும்பிட்டு வெளியே அனுப்பிவிட வேண்டும். தள்ளப்பட்டவருக்கும் அதில் ஒரு பெருமை.

திங்கட்கிழமை வக்கீலிடம் இதைச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் ஜூனியராக இருந்த காலத்தில் நம்மூர் செஷன்ஸ் கோர்ட்டுகளிலும் ஜூரி இருந்தது. சீனியர் அவரை ஜூரிப் பட்டியலில் உள்ளவர்களின் தெருக்களுக்கு அனுப்பி, யார் எப்படி என்று விசாரித்து வரச் சொல்வாராம். ஜூரி முறையையே ஒழித்துவிட்ட பிறகு அந்த வித்தை முழுவதும் அவர் நெஞ்சுக்குள் வேலையில்லாமல் கிடந்தது.

"ஏம்ப்பா, அஞ்சு பேர்கிட்ட வாதாடி ஜெயிக்கிறது சாமர்த்தியமில்ல. அந்த அஞ்சு பேரப் பொறுக்குறதுலதான் இருக்கு விசயம். செருப்பப் பாரு. குதிகால் தேஞ்சிருந்தா பிடிவாதக்காரன். முன்பக்கம் தேஞ்சிருந்தா அவசரக்காரன். அப்பறம் நீ பேசும்போது தலையாட்டுறவன் எவன்னு பாரு. அவன் ஒம் பக்கம். மூணு நாள் லீவு தர்றேன், போயி எழுதிட்டு வா."

ஒன்பது பேரைப் பற்றி ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். மூன்று நாளும் டீக்கடையிலும் பஸ் நிற்கிற இடத்திலும் திரிந்து, மரியாதைப்பட்ட மனிதர்களின் பின்னால் குனிந்து குனிந்து அவர்கள் செருப்பைப் பார்த்தேன். ஒருவர் திரும்பி, "ஏலே, எதையாச்சும் தொலச்சிட்டியா?" என்று தானும் என்னோடு சேர்ந்து தேட ஆரம்பித்தார். இன்னொருவருக்குச் செருப்பே கிடையாது, பிறந்ததில் இருந்து வெறுங்கால். அவர் பக்கத்தில் 'மர்மமான ஆள்' என்று எழுதிக்கொண்டேன். மூன்றாமவர் நான் என்ன சொன்னாலும் தலையாட்டினார். மழை வரும் என்றேன், ஆட்டினார். வராது என்றேன், அதற்கும் ஆட்டினார். 'முழுக்க நம்ம பக்கம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். அவருக்குத் தலை நடுக்கம் என்பதும், அதற்கு மதுரையில் மருந்து வாங்கிச் சாப்பிடுகிறார் என்பதும் பிற்பாடு தெரிந்தது.

வக்கீலின் சாஸ்திரத்தோடு என் பங்குக்கும் ஒன்று சேர்த்தேன். ஒன்பது பேரில் மூன்று பேருக்கு முழங்கால் வலி. மலையில் முழங்கால் வலிக்காரனுக்குத்தானே தூரத்தின் அருமை தெரியும்? சுற்றுப் பாதை என்றாலே அவர்கள் முகம் சுருங்கும். அந்த மூன்று பேரையும் எப்படியாவது உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். இதை எழுதியபோது எனக்கே என்மீது ஒரு மரியாதை வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்னொரு கரண்டி போடச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடை முன்னால் ஆள் தள்ளுகிற படலம். வாழைக்காரர் சார்பில் நான். முதலில் மிளகு வியாபாரியைத் தள்ளினேன். முதலாளியும் அவரும் ஒரே பெஞ்சில் தினமும் டீ குடிப்பதை நோட்டில் குறித்திருந்தேன். அடுத்ததாக, ஓய்வு பெற்ற வாத்தியார். இதற்கு நோட்டில் காரணம் எதுவும் இல்லை. அவர் என்னை ஐந்தாம் வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தவர், அவ்வளவுதான்.

"ஐயா எனக்கு எழுத்தறிவிச்சவுக. அவுக முன்னாடி நான் வாயத் தொறக்கிறது..."

வாத்தியார் துண்டை உதறித் தோளில் போட்டார். "அன்னிக்கு ஏழாம் வாய்ப்பாடு கேட்டப்பவும் இவன் எம் முன்னாடி வாயத் தொறக்கலப்பா. மரியாதக்காரப் பய, அப்ப இருந்தே" என்றபடி போய்விட்டார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி?

முதலாளி தன் முறை வந்ததும் ஒரு கொட்டாவி விட்டார். "அவரு வேணாம், கூட்டத்துல தூங்கிருவாரு. இவரு வேணாம், தூங்க விடமாட்டாரு" என்று இரண்டு பேரை விரலால் காட்டினார். முறைப்படி கும்பிடக்கூட இல்லை. தயாரிப்பே இல்லாத ஆள் என்று மனசுக்குள் இரக்கப்பட்டேன்.

மிஞ்சிய ஐந்து பேர்: முழங்கால் வலிக்காரர்கள் மூவர், தலையாட்டி, வெறுங்கால்காரர். நான் எழுதி வைத்தபடியே அச்சு அசலாக அமைந்தது.

டீக்கடைக்காரர் என் பக்கத்தில் வந்து குசுகுசுத்தார். "ஏம்ப்பா, மிளகு வியாபாரிய எதுக்குத் தள்ளுன? அவருக்கும் அந்தத் தோட்டத்து வழியாத்தானே மூடை வருது. கம்பி கட்டுன நாள்ல இருந்து மொதலாளிகூட மொகங்குடுத்துப் பேசுறதில்ல."

"தெனம் ஒரே பெஞ்சுலதானே உக்கார்றாங்க?"

"இருக்குறதே ஒரு பெஞ்சுதானப்பா!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஐந்து பேரும் இடம் பார்க்க வந்தார்கள். தடத்தை ஒருமுறை, சுற்று ரோட்டை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, மேலே வாழைக்காரர் வாசலில் கூடி முடிவு சொல்ல வேண்டும். முதலில் கம்பியை விலக்கித் தடத்தில் இறங்கினோம். முதல்நாள் பெய்த மழையில் காப்பிச் செடிகளுக்கு நடுவே தரை வழவழவென்று கிடந்தது. அட்டைகள் வேறு. முழங்கால் வலிக்காரர்கள் மூன்று பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, ரயில்பெட்டி மாதிரிக் கோர்த்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் முருகனைக் கூப்பிட்டபடி இறங்கினார்கள். ரோட்டை அடைந்ததும் ஒருவர் மைல்கல்லில் உட்கார்ந்து, "இதென்னப்பா தடமா, பாதாளமா?" என்றார்.

பரவாயில்லை, சுற்று ரோடு இதைவிட ஐந்து மடங்கு, அப்போது தெரியும் சங்கதி என்று நான் காத்திருந்தேன். அப்போதுதான் முதலாளி வாயைத் திறந்தார், மிகவும் கனிவாக.

"பெரியவுகள நடக்க விடலாமா? நம்ம ஜீப்பு நிக்கிது, ஏறுங்க."

ஐந்து பேரும் ஏறினார்கள். நானும் தொற்றிக்கொண்டேன். ரோடு மலையைச் சுற்றி ஏறி வாழைக்காரர் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட ஏழு நிமிஷம். நடுவில் ஒரு முழங்கால்காரர் லேசாகக் கண்ணயர்ந்தே போனார். இறங்கியதும், "ஏழே நிமிசந்தானப்பா! இவ்வளவு சொகமான ரோட்ட வச்சிக்கிட்டு எதுக்கு அந்தச் சேத்துல விழுந்து எந்திரிக்கணும்?" என்றார். மற்ற இரண்டு முழங்கால்களும் ஆமோதித்தன. தலையாட்டி தலையாட்டினார். வெறுங்கால்காரர் மட்டும் காலில் இருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

வாழைக்காரர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அப்படியே பார்த்துவிட்டுத் தன் வாழைகள் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு எங்கேயாவது போய்விடலாம் போல இருந்தது. நான் பொறுக்கி எடுத்த ஐந்து பேர்!

அந்தம்மா வீட்டுக்குப் பின்னால் போனார். திரும்பி வரும்போது தலையில் புதிதாக வெட்டிய ஒரு வாழைத்தார். அதை ஐந்து பேருக்கும் நடுவே இறக்கி வைத்தார்.

"ஐயாமாருக்கு ஒண்ணு கேக்கணும். நாங்க ஜீப்புல போற ஆளுங்க இல்ல. இத யாராச்சும் சொமந்துக்கிட்டு ரோட்டச் சுத்திக் கீழ தாரு ஏத்துற எடத்துக்குப் போயிட்டு, அடுத்த தாருக்குத் திரும்பி நடந்து வாங்க. எவ்வளவு நேரம்னு பாத்துட்டு முடிவு சொல்லுங்க."

முதலாளி சிரித்தார். "ஒம் புருசன்தான் தூக்கணும். அவருதான் வேணும்னே ஆமையா நடப்பாரே."

"அவரு வேணாம். ஒங்க ஆளும் வேணாம்." அந்தம்மா சுற்றிலும் பார்த்தார். "இந்தக் கோர்ட்டுத் தம்பி தூக்கட்டும். இவரு வாயிலதானே எல்லாம் ஆரம்பிச்சது."

ஐந்து பேரும் ஒரே குரலில் "சரி" என்றார்கள். அன்று அவர்கள் ஒருமனதாக எடுத்த முதல் முடிவு அதுதான்.

வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தலையில் தார். முதல் வளைவில் கழுத்து உள்ளே போனது போல இருந்தது. இரண்டாவது வளைவில் தாரைத் தோளுக்கு மாற்றினேன். அங்கே வாழைப்பால் என் சட்டையோடு நிரந்தரமாக உறவு கொண்டாடியது. மூன்றாவது வளைவில் பஞ்சாயத்தின் சார்பில் கூட வந்த வெறுங்கால்காரரிடம் "கொஞ்சம் ஒக்காருவமா?" என்றேன். "ஒக்காரலாம்ப்பா, நேரத்த மட்டும் நான் எண்ணிக்கிட்டு இருப்பேன்" என்றார். உட்கார்ந்தால் தாரை மறுபடி தூக்கி வைக்க ஆளில்லை என்று அவரே ஞாபகப்படுத்தினார். கட்டுத் தூக்கியே பிழைப்பவன் என்று நினைத்திருந்தேனே, கேஸ் கட்டு எவ்வளவு லேசானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கீழே போட்டுவிட்டுத் திரும்பி ஏறி வந்தபோது உச்சி வெயில் சாய்ந்திருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம். மேலே ஐந்து பேரில் நான்கு பேர் பசியில் சுருண்டு கிடந்தார்கள். பஞ்சாயத்து முடிகிறவரை இரண்டு தரப்பு வீட்டிலும் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. முதலாளி வீட்டில் கோழிக் குழம்பு தயாராக இருப்பது அவர்களுக்குத் தெரியும். வாழைக்காரர் வீட்டுக்குள் பழங்கள் மணத்துக்கொண்டிருந்தன. இரண்டையும் தொட முடியாது.

"வந்துட்டானா?" என்று ஒரு முழங்கால்காரர் எழுந்து உட்கார்ந்தார். "ஒத்தத் தாருக்கு இவ்வளவு நேரம்னா, பத்துத் தாரு எப்ப போயிச் சேர? யப்பா மொதலாளி, பாவம்ப்பா அவங்க. கம்பிய அவுத்துருங்க. வெரசா முடிப்போம்."

முதலாளி அசையவில்லை. அவர் கெட்ட மனுஷரும் இல்லை. "நடக்கட்டும்யா, எனக்கென்ன? ஆனா நாளைக்கி இவங்க பிள்ளைக பாத்தியதைன்னு கோர்ட்டுல நின்னா? அன்னிக்கி நீங்களா வருவீங்க? இந்தத் தம்பிதான் அவங்களுக்குக் கட்டுத் தூக்கிட்டு வருவாரு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சட்டத்தை ஆரம்பித்தவன் நான், முடிக்கத் தெரியவில்லை. கழுத்தைத் திருப்பவும் முடியவில்லை.

அந்தம்மா சொன்னார்: "அங்க சிலோன்ல தொர பங்களாவ ஒட்டி ஒரு வழி இருந்துச்சு. வருசம் பூரா நாங்க நடப்போம். வருசத்துல ஒரு நா மட்டும் கேட்டப் பூட்டிருவாரு. யாரா இருந்தாலும் சுத்தித்தான் போகணும். மறுநா கங்காணி போயிக் கேப்பாரு, தொறந்து விடுவாரு. ஏன் பூட்டுறாருன்னு அப்ப வெளங்கல. இப்ப ஐயா பேசுறதக் கேட்டா வெளங்குது. எடம் யாரோடதுன்னு மறக்காம இருக்கத்தான். நீங்களும் அப்பிடிச் செய்ங்க. வருசத்துக்கு ஒரு நா கம்பியக் கட்டுங்க. மறுநா நாங்க வந்து கேக்குறோம். அவுத்து விடுங்க."

முதலாளி என் பக்கம் திரும்பி, "இது செல்லுமா?" என்றார். என்னை அவர் ஒரு வக்கீலாக மதித்துக் கேட்டது அந்த ஒருமுறைதான். எனக்குச் சத்தியமாகத் தெரியாது. "தாராளமாச் செல்லும்" என்றேன். மறுநாள் பழனியில் வக்கீலிடம் கேட்டேன். என் தோளில் இருந்த கறையையே பார்த்தபடி, கேட்டு நடந்தால் பாத்தியதை வராது, செல்லும் என்றார். பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பொறுக்கிய ஐந்து பேர் எப்படி என்று அவர் விசாரித்தார். ஐந்து பேரும் பசி தாங்காதவர்கள் என்று மட்டும் சொன்னேன்.

பஞ்சாயத்து நடந்த அன்றைக்கே எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். எந்த நாள் கம்பி கட்டுவது என்று கேட்டதும் ஆளுக்கு ஒரு தேதி சொன்னார்கள். அந்தம்மாதான், "மாட்டுப் பொங்கல் அன்னிக்குக் கட்டட்டுமே, நல்ல நாளு" என்றார். முதலாளிக்கு அது பிடித்துப் போயிற்று. கம்பியை அவரே அவிழ்த்தார். பிறகு ஐந்து பேரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கோழிக் குழம்புக்குப் போனார். என்னை யாரும் ஏறச் சொல்லவில்லை.

வாழைக்காரர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு அந்தம்மாவிடம், "மாட்டுப் பொங்கல எதுக்குச் சொன்னீங்க? எதாவது விசேசமா?" என்று கேட்டேன்.

"விசேசம் என்ன தம்பி? அன்னிக்கி எந்தக் கெழமையா இருந்தாலும் தாரு ஏத்துற ஜீப்பு வராது" என்றார்.